கைந்நிலை: ஏறுமுன் இறங்கக் கற்றல்

'கம்போங் மேடான்' என்னும் ஊர்ப்பெயரில் அமைந்துள்ள 'மேடான்' என்ற மலாய்ச் சொல்லுக்குத் திடல் என்பது பொருள். தமிழர் நாவில் வழங்கும் 'மைதானம்' என்பதும் அச்சொல்லும் உறவுடையன. அரபு, பாரசீக மொழிகளில் வழங்கும் 'மைதான்' என்பதே இரண்டிற்கும் மூலம். எனவே கம்போங் மேடானைத் 'திடற்சிற்றூர்' எனத் தமிழாக்கினும் பிழையாகாது. ஆயினும், பழைய கிள்ளான் சாலையை அடுத்துப் பெட்டாலிங் ஜெயாவில் அமைந்த அவ்வூரில் இன்று கண்ணுக்குத் தெரிவன திடல்களல்ல, அடுக்குமாடி வீடுகளே. 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 6 பேர் உயிர் துறக்கக் காரணமான இனக்கலவரத்தால் அவ்வூர்ப் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. நெருக்கடி மிகுந்த குடியிருப்பில் முதலில் தம் இடத்தை இழப்பவர் பிள்ளைகளே என்பதை அத்தகைய ஊர்களை அறிந்தோர் அறிவர்.

அங்குள்ள அடுக்கு வீடு ஒன்றில் வாழும் 9 வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. ஒருநாள் அவள் கைப்பேசித் திரையில் ஒரு காட்சியைக் காண்கிறாள். ஒரு பெண், ஒடுங்கிய கட்டை ஒன்றின்மேல் இரு கைகளையும் ஊன்றுகிறாள். காலை உதைக்கவில்லை, துள்ளவில்லை. இரு கால்களும் நிலத்தை மறந்தவைபோல மெல்ல விரிந்து, மெல்ல உயர்ந்து, வானை நோக்கி ஒன்றுசேர்கின்றன. மறுநாள் பள்ளியில் அச்சிறுமி கேட்கிறாள்: "டீச்சர், நானும் இப்படி நிக்கலாமா?"

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் எளிதில் வாயில் வரும். "உனக்கேன் இந்த வேண்டாத வேலை?" என்பது ஒன்று. "சுவரோரம் போய்க் காலை உதைத்துப் பார்" என்பது மற்றொன்று. முன்னது ஆர்வத்தைக் கொல்லும். பின்னது மணிக்கட்டையோ கழுத்தையோ கெடுக்கும். மூன்றாவது விடை ஒன்று உண்டு. அதனைச் சொல்வதற்கு ஆசிரியர் அக்கலையின் இயல்பையும், அதனைக் கற்பிக்கும் வரிசையையும், தாம் நிறுத்த வேண்டிய எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். அம்மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 'ஜிம்னாஸ்டிக்' என்பதைச் 'சீருடற்பயிற்சி' என வழங்குகின்றனர். அதன் அடிப்படைப் பகுதி தொடக்கப்பள்ளி உடற்கல்விப் பாடத்திலேயே இடம்பெற்றுள்ளது. தலைகீழாகக் கையூன்றி நிற்கும் நிலையைக் 'கைந்நிலை' எனலாம். இச்சொல்லைக் கேட்டவுடன் தமிழாசிரியர்க்குப் புல்லங்காடனார் இயற்றிய நூலின் பெயர் நினைவிற்கு வருதல் இயல்பே. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகச் சிலர் எண்ணும் அந்நூற்பெயரில் 'கை' என்பது உடலுறுப்பைக் குறித்ததன்று, ஒழுக்கத்தைக் குறித்தது. இங்கோ அஃது உறுப்பையே குறிக்கும்.

கைந்நிலைக்குச் செல்லும் வழிகள் பல. ஒரு காலை வீசி உதைத்து ஏறுவது ஒரு வழி. சிறுவர் திடலில் செய்வது அதுவே. வீச்சும் துள்ளலும் இன்றி, உடல் வலிமையாலும் நிறை மாற்றத்தாலும் மட்டுமே மெல்ல எழுவது மற்றொரு வழி. பயிற்சிக்கூடங்களில் இதனைப் 'பிரஸ்' என்று சுருக்கமாகக் கூறுவர். தமிழில் 'எழு கைந்நிலை' என வினைத்தொகையாக வழங்கலாம். எழுந்த, எழுகின்ற, எழும் என முக்காலமும் அதனுள் அடங்குதல் பொருத்தமே. ஏனெனில் அவ்வசைவின் எந்த இடத்திலும் உடல் நின்று காட்ட வல்லதாய் இருத்தல் வேண்டும். இடையில் நிறுத்த முடியாத எழுச்சி வெறும் வீச்சேயன்றி எழு கைந்நிலை ஆகாது.

ஒடுங்கிய ஒன்றின்மேல் உடலை நிறுத்தும் கலை தமிழர்க்குப் புதிதன்று. கயிற்றின்மேல் ஆடுவோர்க்குக் கொட்டும் பறையைக் குறுந்தொகையின் 7ஆம் பாடல் உவமையாக எடுத்தாளுகிறது. கழைக்கூத்தாடிகள் தெருவில் ஆடிக் காட்டியதும் அண்மைக் காலம் வரை கண்ட காட்சியே. ஆனால் கூத்தாடியின் பிள்ளை அக்கலையைத் தொழிலாகக் கற்றது. இன்றைய பிள்ளை கற்பதோ கல்வியின் ஒரு பகுதியாக. ஆகவே கற்பிக்கும் முறையும் கல்விக்குரியதாக இருத்தல் வேண்டும்.

கட்டையின் அளவு

சமநிலைக் கட்டையின் நீளம் 5 மீட்டர். அகலம் 10 செண்டிமீட்டர். போட்டியில் அது தரையிலிருந்து 125 செண்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். 9 வயதுச் சிறுமிக்கு அவ்வுயரம் ஏறத்தாழ முகத்தளவு. அவ்வுயரத்தில் தலைகீழாக நிற்பவளுக்கோ தரை எட்டாத ஆழமாகத் தோன்றும்.

1934இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் மகளிர் இக்கட்டையில் போட்டியிட்டனர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இது மகளிர்க்குரிய தனிப்போட்டியாயிற்று. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கோமனேச்சி, தம் 14ஆம் வயதில், 7 முறை முழுமையான 10 புள்ளி பெற்றார். ஏற்றத்தாழ்வுக் கம்பிகளிலும் இக்கட்டையிலும் பெற்ற புள்ளிகள் அவை. அன்று முதல் உலகெங்கும் சிறுமியர் கட்டையை நோக்கினர். இளம் வயதினரை மிகையாக வருத்தும் போக்கும் உடன் வளர்ந்தது. அதனைக் கட்டுப்படுத்தவே, 1997 முதல் பெரியோர் பிரிவில் பங்கேற்கும் மகளிர் அவ்வாண்டிற்குள் 16 வயது நிரம்புவோராக இருத்தல் வேண்டும் என்னும் விதி வந்தது.

இன்றைய போட்டி விதிப்படி, கட்டையின்மேல் நிகழும் முழு ஆட்டத்திற்கும் உள்ள காலம் 90 வினாடிகளே. கட்டையிலிருந்து விழுந்தால் ஒரு முழுப்புள்ளி குறையும். எழு கைந்நிலையால் கட்டையேறுபவர் அந்நிலையில் 2 வினாடிகள் அசையாது நின்று காட்டுதல் வேண்டும். அவ்விரண்டு வினாடிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு மாதக்கணக்கில் அமைவது. சிலர்க்கு ஆண்டுக்கணக்கிலும் நீள்வது.

எழுச்சியின் இயல்பு

காண்போர் பலரும் இது கைவலிமையின் செயல் என்றே எண்ணுவர். அஃது அரைப்பங்கு உண்மையே. உள்ளே நிகழ்வதைச் சற்று விரித்துக் காண்க.

சிறுமி கால்களை அகல விரித்து நின்று, குனிந்து, தோளகலத்தில் இரு கைகளையும் தரையில் ஊன்றுகிறாள். இப்போது அவளுடைய நிறையின் பெரும்பகுதி கால்களில் இருக்கிறது. அவள் தோள்களை மெல்ல முன்னோக்கி, விரல் நுனிகளையும் தாண்டிச் சாய்க்கிறாள். முதுகு வளைந்து குவிகிறது. இடுப்பு உயர்ந்து கைகளுக்கு நேர்மேலே வருகிறது. உடல் நிறையின் நடுப்புள்ளி கைகளின்மேல் வந்து சேர்ந்ததும் கால்கள் இலேசாகின்றன. பாதங்கள் தரையைவிட்டு நீங்குவது அதன் பிறகே. ஆகவே கால்களை 'எழுப்புவது' என்பது பொருத்தமான சொல்லன்று. நிறை முழுவதும் கைக்கு மாறியபின் கால்கள் எழும்பாமல் என் செய்யும்? பாதம் நீங்கியபின் இரு கால்களும் பக்கவாட்டில் வட்டமாகச் சுற்றி உயர்கின்றன. அவை உயர உயர, முன்சாய்ந்த தோள்கள் பின்வாங்கி மணிக்கட்டிற்கு நேராகின்றன. முடிவில் மணிக்கட்டு, தோள், இடுப்பு, கணுக்கால் நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன.

கால்களை விரிப்பதன் பயன் யாது? இரு கால்களும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். தோளில் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்த தோட்டத் தொழிலாளர்க்கு ஓர் உண்மை தெரியும். வாளி தோளுக்கு அருகில் தொங்கினால் சுமை அடங்கும். கம்பின் நுனிக்கு நகர்ந்தால் அதே வாளி ஆளைக் கவிழ்க்கும். கால்களைச் சேர்த்து நீட்டி எழுவது, வாளியைக் கம்பின் நுனியில் தொங்கவிடுவது போன்றது. விரித்து எழுவது, அதனைத் தோளருகே இழுத்துக் கொள்வது போன்றது. ஆதலால் தொடக்கத்தில் கற்போர் கால் விரித்தே எழுதல் வேண்டும். கால் சேர்த்து எழுவது பின்னர் வரவேண்டிய பாடம்.

இவ்வெழுச்சிக்கு மூன்று ஆற்றல்கள் தேவை. தரையைத் தள்ளித் தோளைக் காதுவரை உயர்த்தும் வலிமை ஒன்று. வயிற்றுத் தசையாலும் இடுப்பின் முன்தசையாலும் தொடைகளை மார்பை நோக்கி இறுக இழுக்கும் ஆற்றல் மற்றொன்று. தொடையின் பின்தசை நெகிழ்ந்து கொடுத்தல் மூன்றாவது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏனைய இரண்டின்மேல் அதன் சுமை ஏறும். பின்தசை இறுகிய பிள்ளையின் இடுப்பு, கைகளுக்கு மேல் வந்து சேராது. அவள் தோளை மேலும் முன்சாய்த்து ஈடுசெய்ய முயல்வாள். தோள் சாயச் சாயச் சுமை கூடும், கை மடங்கும், பிள்ளை விழும். அவளுக்குக் கைவலிமை போதாது என முடிவு செய்து கைப்பயிற்சியைப் பெருக்கும் ஆசிரியர், கணக்கில் பிழைவிடும் மாணவனுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுப்பவரை ஒப்பார். எந்த ஆற்றல் குறைகிறது எனக் கண்டறிவதே கற்பித்தலின் முதற்படி.

தரையும் கட்டையும்

தரையில் நன்கு எழுபவள் கட்டையில் தடுமாறுவது ஏன்? தரையில் நிற்கும் கைக்கு விரல்களே சுக்கான். உடல் முன்னே கவிழப் போனால் விரல் நுனிகள் தரையை அழுத்தி மீட்கும். பின்னே சரியப் போனால் உள்ளங்கையின் அடிப்பகுதி அழுத்தித் திருத்தும். அகன்ற தரையில் விரித்த விரல்கள் இதற்குப் பெரிதும் உதவும்.

கட்டையில் இருவகையாகக் கையூன்றலாம். முதல் வகையில் பிள்ளை கட்டைக்குக் குறுக்கே நோக்குகிறாள்; கைகள் தோளகலத்தில் கட்டையின் நீளத்தில் ஊன்றப்படுகின்றன. இப்போது முன்பின்னாக அவளுக்குள்ள இடம் 10 செண்டிமீட்டரே. உள்ளங்கையும் விரலும் சேர்ந்த நீளம் அதனினும் மிகுதியாதலால், விரல்கள் முன்விளிம்பில் மடங்கிக் கட்டையைப் பற்றுகின்றன. தரையில் அழுத்திய விரல் இங்கே பிடிக்கும் விரலாகிறது. இரண்டாம் வகையில் பிள்ளை கட்டையின் நீளத்தை நோக்குகிறாள். இரு கைகளும் கட்டைவிரல்கள் நெருங்க அருகருகே அமைகின்றன. இங்கே முன்பின்னாக இடமுண்டு, இடவலமாக இல்லை. தோள்கள் குறுகுவதால் தள்ளும் வலிமையும் குறைகிறது. எனவே முதல் வகையைக் கற்பித்து, அது படிந்தபின் இரண்டாவதற்குச் செல்வதே ஏற்றது.

இதனால் பெறப்படுவது யாதெனில், கட்டை புதிதாகக் கேட்பது கூடுதல் வலிமையை அன்று, கூடுதல் நுட்பத்தையே. வலிமை தரையில் தேடப்பட வேண்டியது. தரையில் 10 முறை முயன்று 6 முறை தவறுபவளைக் கட்டையில் ஏற்றுதல், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை மேடையேற்றிச் செய்யுள் ஒப்பிக்கச் சொல்வதற்கு நிகர்.

ஏறுமுன் இறங்குக

இனிக் கற்பிக்கும் வரிசை. இவ்வரிசையின் உயிர்நாடி ஒன்றே: ஏறக் கற்பதற்கு முன் இறங்கக் கற்றல்.

தசையின் இயல்பு ஒன்று இதற்குத் துணைநிற்கிறது. ஒரு சுமையைத் தூக்க இயலாத தசை, அதே சுமையை மெல்லத் தாழ்த்த வல்லது. நெல் மூட்டையைத் தனியே தலைக்கு ஏற்ற இயலாதவர், தலையில் ஏற்றப்பட்டதை மெல்ல இறக்கி வைப்பது நாளும் காண்பதே. எழு கைந்நிலையில் எழ இயலாத பிள்ளையும், கைந்நிலையில் நிறுத்தப்பட்டால் அதே வழியே மெல்ல இறங்க இயலும். இறங்கும்போது உழைப்பவை ஏறும்போது உழைக்க வேண்டிய அதே தசைகளே. நடக்கும் வழியும் அதே வழி. ஒவ்வோர் இறக்கமும் அடுத்த ஏற்றத்திற்குப் போடும் படியாகும்.

முதலில் மணிக்கட்டைப் பதப்படுத்தல். மண்டியிட்டுக் கையூன்றி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாய்ந்து பழகுதல். இதனை எந்நாளும் விடலாகாது.

இரண்டாவது, விழக் கற்றல். கைந்நிலையில் உடல் கவிழும்போது அஞ்சிக் கையை மடக்காமல், ஒரு கையை நகர்த்தி உடலைப் பக்கவாட்டில் திருப்பிக் காலூன்றி இறங்குதல். மெத்தைமேல் இதனைத் தன்னியல்பாகச் செய்யும்வரை அடுத்த படி இல்லை. விழத் தெரிந்த பிள்ளைக்கே நிற்கத் துணிவு வரும்.

மூன்றாவது, சுவரை நோக்கிய கைந்நிலை. முதுகைச் சுவரில் சாய்த்து நிற்பது வளைந்த முதுகைப் பழக்கிவிடும். வயிறு சுவரை நோக்க, கால்களால் சுவரில் ஏறி நிற்பதே நேர்கோட்டைக் கற்பிக்கும். தோள் காதைத் தொடுமாறு தரையைத் தள்ளி நிற்றல் இங்குப் பாடமாகும்.

நான்காவது, அமர்ந்தெழும் பயிற்சி. கால்களை விரித்துத் தரையில் அமர்ந்து, தொடைகளுக்கு இடையே கைகளை ஊன்றி, குதிகால்களை மட்டும் தரையினின்று சிறிதே உயர்த்தி இறக்குதல். பார்ப்பதற்கு எளிது, செய்வார்க்கே அதன் அருமை புரியும். தொடையை மார்பை நோக்கி இழுக்கும் ஆற்றல் இதனால் வளரும். இதனுடன் பின்தசையை நெகிழ்த்தும் பயிற்சியும் நாள்தோறும் நடைபெறுதல் வேண்டும். பிள்ளையின் முதுகில் அமர்ந்தோ காலை அழுத்தியோ நெகிழ்ச்சியை வலிந்து பெற முயலுதல் கூடாது.

ஐந்தாவது, இறக்கம். பிள்ளை கைந்நிலையில் நிற்க, ஆசிரியர் அவள் இடுப்பைப் பற்றித் துணைநிற்கிறார். கால்கள் விரிகின்றன, ஐந்து எண்ணும் அளவில் மெல்ல இறங்கித் தரை தொடுகின்றன. துணைநிற்பவர் தூக்குவோர் அல்லர், வழிகாட்டுவோரே. எங்கே கைவைக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கூறி இசைவு பெறுதல், பிறர் காணும் இடத்திலேயே பயிற்சி நடத்துதல், பிள்ளை வேண்டாம் என்றால் உடனே நிறுத்துதல் ஆகிய மூன்றும் மாறா விதிகள்.

ஆறாவது, உயரத்திலிருந்து எழுதல். அடுக்கிய மெத்தையின்மேல் கால்களை வைத்துக் கைகளைத் தரையில் ஊன்றினால், இடுப்பு முன்னரே உயர்ந்திருக்கும், எழுச்சி எளிதாகும். மெத்தையை ஒவ்வொன்றாகக் குறைத்துக் கொண்டே வந்தால் ஒருநாள் கால்களும் தரைக்கு வந்துவிடும். அன்று அவள் எழுந்தால் அது வியப்பன்று; விளைவே.

ஏழாவது, கோடு. தரையில் 10 செண்டிமீட்டர் அகலத்தில் சுண்ணக்கட்டியால் இரு கோடுகள் இட்டு, அவற்றின் இடையே கையூன்றி எழுந்து, இடையிலேயே கால்வைத்து இறங்குதல். இங்கு முடிகிறது பள்ளியில் செய்யத்தக்க பணி. அதன்பின் தரையை ஒட்டிய தாழ்ந்த கட்டை, இடையுயரக் கட்டை, மெத்தை சூழ்ந்த உயரக் கட்டை எனச் செல்லும் படிகள் உரிய கருவிகள் உள்ள கூடத்தில், தகுதி பெற்ற பயிற்றுநரின் கண்முன் நடைபெற வேண்டியவை. இரு நாற்காலிகளின்மேல் பலகை வைத்துக் கட்டையாக்கும் துணிச்சல் ஆசிரியர்க்கு ஆகாது.

அச்சம் பகையன்று

தாழ்ந்த கட்டையும் உயரக் கட்டையும் அகலத்தால் ஒன்றே. தாழ்ந்ததில் நின்றவள் உயர்ந்ததில் நடுங்குகிறாள் எனின், மாறியது கட்டையன்று. அவள் நெஞ்சில் எழும் எண்ணமே. "பயப்படாதே" என்று கூறுவதால் அச்சம் நீங்குவதில்லை. அச்சம் உடலின் காவல். அதனை ஏசுதல் அறியாமை. ஒரு நேரத்தில் ஒன்றனை மட்டும் மாற்றுவதே அதனைக் கடத்தும் வழி. அகலம் குறையும் நாளில் உயரம் கூடலாகாது. உயரம் கூடும் நாளில் மெத்தை குறையலாகாது. மெத்தை குறையும் நாளில் துணைநிற்பவர் விலகலாகாது. பிள்ளை அஞ்சி நின்றால், படி உயரமாய்விட்டது என்பதே பொருள். படியைக் குறைப்பது ஆசிரியர் கடமை.

நிறுத்தும் எல்லை

கையை நிலமாக்கி உடலைச் சுமக்கும் இக்கலையில் மணிக்கட்டு, இயற்கை தனக்கு இடாத வேலையைச் செய்கிறது. வளரும் பிள்ளையின் ஆரை எலும்பில், மணிக்கட்டுப் பக்க நுனியில், எலும்பு நீளுதற்குரிய மெல்லிய வளர்பகுதி உண்டு. அது முற்றி எலும்போடு ஒன்றாகும்வரை அழுத்தத்தை எளிதில் தாங்காது. ஓயாத சுமையால் அது நலிந்தால் எலும்பின் வளர்ச்சியே கெடக்கூடும். ஆகவே உழைத்த தசையின் களைப்பையும் மூட்டின் நோவையும் ஆசிரியர் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். தசைக் களைப்பு ஓய்வில் ஆறும். மணிக்கட்டில் நோவு என்று பிள்ளை கூறின் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது. நோவு தொடரின் மருத்துவரிடம் அனுப்புதலே நெறி.

இது சிறிய செய்தியன்று. பிரித்தானியாவின் சீருடற்பயிற்சித் துறையை ஆராய்ந்து 2022 ஜூன் திங்களில் வெளிவந்த வைட் அறிக்கை, பிள்ளைகள் காயத்துடனேயே பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டதையும், உடல் எடை குறித்து இழிவுபடுத்தப்பட்டதையும் எடுத்துரைத்தது. அமெரிக்காவில் அணி மருத்துவராக இருந்த லாரி நாசர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுமியர்க்கு இழைத்த பாலியல் கொடுமைகளுக்காக 2018இல் நெடுஞ்சிறைத் தண்டனை பெற்றார். இரு நாடுகளிலும் செல்வம் இருந்தது, கருவிகள் இருந்தன, பதக்கங்களும் இருந்தன. பிள்ளை சொல்வதைக் கேட்கும் செவியே இல்லாதிருந்தது. பதக்கத்திற்காகப் பிள்ளையா, பிள்ளைக்காகப் பயிற்சியா என்னும் வினாவிற்கு விடை காணாத இடத்தில் எத்துணைச் சிறந்த கட்டையும் தீங்கே செய்யும்.

விரைவு வேண்டா

விரைந்து கற்பித்தால்தான் வெற்றி என்னும் எண்ணமும் சான்றுகளுக்கு முன் நிற்பதில்லை. உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த ஒக்சானா சுசோவிட்டினா 1975இல் பிறந்தவர். 1992இல் தொடங்கி 8 ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற அவர், டோக்கியோவில் போட்டியிட்டபோது 46 வயதினர். 2021இல் நடந்த அந்த டோக்கியோப் போட்டியிலேயே மலேசியாவின் ஃபாரா ஆன் அப்துல் ஹாடியும் களமிறங்கினார். 1994இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 27. சிறுமியர்க்கே உரியது என எண்ணப்பட்ட துறையில் வளர்ந்த பெண்கள் நின்று காட்டினர். 9 வயதுப் பிள்ளைக்கு இன்னும் எத்துணைக் காலம் இருக்கிறது என்பதை இது காட்டும்.

தமிழ்ப் பிள்ளைகட்கு இத்துறை அயலது என்பதும் பொருந்தாது. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில், தாளச் சீருடற்பயிற்சி அணிப் போட்டியில் மலேசியா தங்கம் வென்றது. அவ்வணியில் சரினா சுந்தர ராஜாவும் ஒருவர். அத்துறையில் கட்டை இல்லை. பந்தும் நாடாவும் வளையமுமே கருவிகள். எனினும் நெகிழ்ச்சியும் நேர்நிலையும் ஒழுங்கும் இரண்டிற்கும் பொது. இந்தியாவின் திரிபுரா மாநிலத்து அகர்த்தலாவிலிருந்து வந்த தீபா கர்மாகர், 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தாண்டுமேடைப் போட்டியில் 4ஆம் இடம் பெற்றார். பெருநகரங்களில் மட்டுமே திறமை பிறக்கும் என்பார்க்கு அவர் விடை.

ஆசிரியர் செய்யத்தக்கது

மலேசியாவின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஒவ்வொன்றிலும் சமநிலைக் கட்டையை எதிர்பார்க்க இயலாது. எதிர்பார்க்கவும் வேண்டா. மேலே கூறிய ஏழு படிகளுக்கும் தேவையானவை ஒரு சுவர், சில மெத்தைகள், ஒரு சுண்ணக்கட்டி, வரிசை அறிந்த ஓர் ஆசிரியர் ஆகியவையே. இறுதியில் கூறியதே கிடைத்தற்கரியது. அவர் உடற்கல்விக்கென்றே பயின்றவராக இருப்பின் மிக நன்று. இல்லையெனில், முதற்படிகளைத் தகுதியுடையார் ஒருவரிடம் நேரில் கண்டு கற்று, தாம் அறிந்த அளவிலேயே நிறுத்துதல் வேண்டும்.

எழு கைந்நிலை எல்லாப் பிள்ளைகட்கும் வந்தே தீரவேண்டும் என்பதில்லை. அச்சிறுமி ஒருநாள் உயரக் கட்டையில் ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஆனால் சுவரோரம் நேராக நிற்கவும், தடுமாறினால் கேடின்றி இறங்கவும், நொந்தால் நொந்தது என்று வாய்திறந்து சொல்லவும் அவள் கற்றுவிட்டால், உடற்கல்வி தன் கடமையைச் செய்துவிட்டது.

மூன்றாவது விடை என்று தொடக்கத்தில் கூறியது இதுவே: "நிக்கலாம்மா. முதல்ல எப்படி இறங்கறதுன்னு கத்துக்கலாம், வா." இவ்விடையைக் கூறும் ஆசிரியர், பிள்ளையின் ஆசையையும் மறுக்கவில்லை, அவள் உடலையும் பணயம் வைக்கவில்லை. புலவர் நூற்பெயரில் கை என்பது ஒழுக்கத்தைக் குறித்ததென்பது முன்னரே கூறப்பட்டது. வரிசை தவறாமையும் எல்லை கடவாமையும் கற்பிப்போர்க்குரிய ஒழுக்கம். அது நிலைபெற்ற இடத்தில், திடல் இல்லாத ஊரின் வகுப்பறைச் சுவரும் பயிற்சிக்கூடமாகும்.